சங்கும் மூக்குக்கண்ணாடியும்

வில்லியம் கோல்டிங் எழுதி 1954ஆம் ஆண்டு வெளிவந்த முதற் புதினம் ‘லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்’. தமிழில் ‘ஈக்களின் தலைவன்’ எனலாம். நூலாசிரியர் சால்ஸ்பரி நகரத்து ஆண்கள் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணிபுரிந்தவர். சிறுவர்களையும் அவர் அறிவார், போரையும் அறிவார். 1983இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்று, 1993இல் மறைந்தார். 1963இல் பீட்டர் புரூக் இப்புதினத்தைப் படமாக எடுத்தார்.

கதை சுருக்கமானது. அணுகுண்டுப் போர் நடக்கிறது. அதிலிருந்து காப்பதற்காக ஏற்றிச் செல்லப்பட்ட ஆங்கிலச் சிறுவர்களின் விமானம் ஆளில்லாத தீவொன்றில் விழுகிறது. பெரியவர் ஒருவரும் உயிரோடில்லை. ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகள் மட்டுமே மிஞ்சுகிறார்கள். அவர்கள் தலைவனைத் தேர்கிறார்கள், விதி வகுக்கிறார்கள், மலைமேல் தீ மூட்டுகிறார்கள். பிறகு பிளவுபடுகிறார்கள், வேட்டையாடுகிறார்கள், தங்களுள் இருவரைக் கொல்கிறார்கள். மூன்றாமவனைத் துரத்திக் கொண்டிருக்கையில் கடற்படை அதிகாரி ஒருவர் கரையில் வந்து நிற்கிறார்.

இதைப் படித்து முடித்த மாணவனிடம் ‘கதையின் கருத்து யாது?’ என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே விடைதான் வரும். கட்டுப்பாடு இல்லாவிட்டால் மனிதன் விலங்காகி விடுவான் என்பான். நாமும் அவ்விடைக்கு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த தாளைப் புரட்டுகிறோம். பிரம்புக்கு வக்காலத்து வாங்க இந்நூலைச் சாட்சிக்கு அழைப்பவரும் உண்டு. இந்த விடை சரிதானா என்பதே நம் கேள்வி. நூலை ஊன்றிப் படித்தால் வேறொன்று தெரிகிறது.

வரிசையில் வந்தவர்கள்

முதல் அதிகாரத்தில் சங்கொலி கேட்டுச் சிறுவர்கள் கடற்கரைக்கு ஒவ்வொருவராகவும் இருவராகவும் வந்து சேர்கிறார்கள். ஒரு கூட்டம் மட்டும் அப்படி வரவில்லை. கொளுத்தும் வெயிலில் கறுப்பு அங்கி போர்த்து, கறுப்புக் குல்லாய் அணிந்து, இரண்டு வரிசையாக நடை பிசகாமல் வருகிறது. அதுதான் தேவாலயத்தில் துதிப்பாடல் பாடும் குழு. அதன் தலைவன் ஜாக். நிற்கச் சொன்னால் நிற்பார்கள். ஒருவன், அவன் பெயர் சைமன், வெயில் தாங்காமல் மயங்கி விழுந்த பிறகுதான் மற்றவர்களுக்கு உட்காரக் கிடைக்கிறது.

பின்னர் காட்டுக் கூட்டமாக மாறப்போகிறவர்கள் யார்? இதே குழுதான். தாமாக ஓடி வந்த பொடியன்கள் அல்லர். தீவில் மிகுந்த கட்டுப்பாட்டோடு வந்திறங்கியவர்களே முதலில் வேட்டைக்காரர்களாகவும், பிறகு கொலைகாரர்களாகவும் ஆகிறார்கள். ஜாக்கின் கூட்டத்தில் ஒழுங்கு ஒருநாளும் குறையவில்லை. காவல் போடப்படுகிறது, கட்டளை நிறைவேறுகிறது, தண்டனை தவறாமல் கிடைக்கிறது. ஒரு சிறுவனைக் கட்டிப்போட்டு அடிக்கிறார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. அங்கே இல்லாமற் போனது ஒன்றே ஒன்று: மறுத்துப் பேசுவதற்கு ஓர் இடம்.

கெடா மாநிலத்துத் தமிழ் வாசகனுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. பெண்டாங், சுங்கைப் பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று, செக்ரோலில் பெயர் கொடுத்த தலைமுறையின் மக்கள்தாமே நாம்! அங்கே ஒழுங்குக்கு என்ன குறை? மணி தவறாது, வரிசை தவறாது, கங்காணியின் குரலும் தவறாது. வரிசையில் நின்றவனுக்குப் பேச முறை வந்ததா என்பதுதான் வேறு கேள்வி.

அந்த முறையைத்தான் கோல்டிங் சங்கு என்னும் குறியீட்டில் வைக்கிறார்.

கையிலிருக்கும் சங்கு

நம் மரபில் சங்கு பழகிய பொருள். கோயிலில் ஊதுகிறோம், இறுதி ஊர்வலத்திலும் ஊதுகிறோம். பால்மணம் மாறாக் குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுகிறோம். பிறப்பும் இறப்பும் அதற்குள் அடங்கிவிடும். ஆதலால் இப்புதினத்துச் சங்கைப் பற்றிப் படிக்கும்போது ஆங்கிலேய வாசகனைவிட நமக்கு ஒருபடி கூடுதலாகவே காது கேட்கும். ஆனால் கோல்டிங்கின் சங்கு வழிபாட்டுக்குரியதன்று. அதன் பெருமை ஒலியிற்கூட இல்லை. அதைக் கையில் வைத்திருப்பவன் பேசலாம், மற்றவர் கேட்கவேண்டும் என்று சிறுவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கையில் இருக்கிறது. எல்லாரும் ஒத்துக்கொள்ளும்வரை அது செங்கோல். ஒருவன் ஒத்துக்கொள்ள மறுத்த நொடியில் வெறுங்கிளிஞ்சல். தீவின் இந்தப் பக்கத்தில் சங்கு செல்லாது என்று ஜாக் சொல்லும் கட்டம், கொலை நடக்கும் கட்டங்களைவிட நம்மை அச்சுறுத்துகிறது. அதில் உரத்த குரல்கூட இல்லை.

இங்கே நுட்பமான ஒன்றைக் கவனிக்கவேண்டும். சங்கைக் கண்டதும் அதன் பயனை அறிந்தவன் பிக்கி. ஆனால் அவனுக்கு ஈளைநோய், ஊத மூச்சில்லை. ஊதியவன் ரால்ஃப். ஊதியவனையே பிள்ளைகள் தலைவனாக்குகிறார்கள். தீயின் கதையும் இதுவே. தீ பிக்கியின் மூக்குக்கண்ணாடியால் பிறக்கிறது. ஆனால் முதல் நாளே அவனைக் கேளாமல் கண்ணிலிருந்து பிடுங்கித்தான் மூட்டுகிறார்கள். பின்னர் ஜாக் அடித்ததில் ஒரு பக்கம் உடைகிறது. இறுதியில் இருளில் வந்து முழுவதையும் திருடிச் செல்கிறார்கள். திருட வந்தவர்கள் சங்கைத்தான் எடுக்க வந்தார்கள் என்று பிக்கி நம்புகிறான். அவர்களோ அதைத் திரும்பியும் பார்க்கவில்லை! பிக்கியின் அறியாமையையும் பெருமையையும் ஒருசேரக் காட்டும் இடம் இது. உலகம் இன்னும் பேச்சுரிமையை மதிப்பதால் அதைத் திருட வருகிறது என்று எண்ணும் ஒருவன். பன்றியைச் சுடத் தீ போதும் என்று எண்ணும் ஒரு கூட்டம்.

(கிட்டப்பார்வைக்குரிய கண்ணாடி குழிவில்லை, அது ஒளியைக் குவிக்காது, விரிக்கும், அதனால் தீ மூட்ட இயலாது என்று அறிவியல் ஆசிரியர்கள் எடுத்துக்காட்டுவதுண்டு. சரிதான். பிழை பிழையே. ஆனாலும் கதை அதனால் குன்றவில்லை.)

பிக்கி என்பது இயற்பெயரன்று. பன்றிக்குட்டி என்று பொருள்படும் பட்டப்பெயர். முந்தைய பள்ளியில் அப்படி அழைத்தார்கள், இங்கே அழைக்காதீர்கள் என்று அவன் ரால்ஃபிடம் நம்பிக்கையோடு சொல்கிறான். ரால்ஃப் சற்று நேரத்திலேயே எல்லாருக்கும் முன்னால் அதை வெளியிட்டுவிட, கூட்டம் சிரிக்கிறது. தீவில் நடந்த முதல் கொடுமை இதுதான் என்பது எம் கருத்து. பன்றி வேட்டை தொடங்குவதற்கு முன்பே ஒரு பிள்ளைக்குப் பன்றி என்று பெயரிட்டாகிவிட்டது. அதைச் செய்தவன் நூலின் நல்லவன். கொச்சை வழக்கில் பேசுபவன், அத்தையின் மிட்டாய்க் கடையில் வளர்ந்தவன், பருத்தவன். அவன் சொல்லும் நியாயம் இதனாலேயே ஏறாமற் போகிறது. இங்கிலாந்தில் பேச்சு வழக்கைக் கொண்டே குலத்தை அளந்தார்கள்; நாமும் அந்த அளவுகோலை அறியாதவர்கள் அல்லர்.

ரால்ஃபின் பாத்திரத்தை முழு நல்லவனாக வரையாததில் ஆசிரியரின் திறம் தெரிகிறது. அவனுக்குத் தீ ஏன் வேண்டும் என்பதே இடையிடையே மறந்துபோகிறது. மூளைக்குள் ஒரு திரை விழுவதுபோல் பேச்சு நடுவில் நின்றுவிடுகிறது. பிக்கி எடுத்துக் கொடுக்கவேண்டியிருக்கிறது. தீமை வெல்வது பெரும்பாலும் நல்லவனின் இந்த மறதியால்தான். பெர்சிவல் என்னும் சிறுவன் தன் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மந்திரம்போல் ஒப்பிக்கிறான். கதை முடிவில் அதிகாரியின் முன் வாய் திறக்கும்போது அவனுக்குத் தன் பெயரே வரவில்லை. ரால்ஃபுக்கு நேர்ந்ததன் முழு வடிவம் அச்சிறுவன்.

ரோஜரை இரண்டே காட்சிகளில் தீட்டியிருக்கிறார். முதற் காட்சியில் ஒரு பொடியனைச் சுற்றிக் கல் எறிகிறான், படாமல் எறிகிறான். பெற்றோர், பள்ளி, காவல்துறை எல்லாம் இன்னும் அவன் கையைப் பிடித்திருக்கின்றன. மற்றொன்றில் பாறையை நெம்பித் தள்ளுகிறான். கீழே நிற்பவன் பிக்கி, கையில் சங்கு. பாறை இரண்டையும் ஒன்றாகவே முடித்துவிடுகிறது.

பாலை என்பது தனி நிலமன்று

தொல்காப்பியர் கூறும் உள்ளுறை, நிலத்தின் கருப்பொருள்களிலிருந்து எழுவது. மரமும் விலங்கும் பறவையும் தம்மளவில் நின்றே வேறொரு பொருளையும் சுட்டும். அக்கண்ணோடு இத்தீவைப் பார்ப்பது பயனுடையது. சங்கு, பழம், பன்றி, பாறை ஆகியவை தீவின் கருப்பொருள்கள். அவற்றில் தீமை இல்லை. தாய்ப்பன்றி குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு படுத்திருக்கிறது. அதைக் கொல்லும் காட்சியைப் படித்தவர் மறக்க மாட்டார். ‘பூதம்’ என்று பிள்ளைகள் நடுங்குவது எது? மலையுச்சியில் சிக்கிக் கிடக்கும் ஒரு பிணம். வான்போரில் இறந்து, வான்குடையோடு விழுந்த படைவீரன். காற்றடிக்கும்போது கயிறு இழுபட்டு அவன் தலை நிமிர்கிறது, தாழ்கிறது. தீவு பெற்ற பூதம் அன்று அது. பெரியவர்கள் வானத்திலிருந்து அனுப்பியது.

இதனைக் கண்டறிபவன் சைமன் ஒருவனே. கூச்சமுடையவன், சிறு பிள்ளைகளுக்கு எட்டாத பழங்களைப் பறித்துக் கொடுப்பவன். பூதம் வெளியில் இல்லை, நாமே அதுவாக இருக்கலாம் என்று சபையில் சொல்ல முயன்று ஏளனம் பெறுபவன். இருமுனையும் கூராக்கிய கோலில் குத்தி வைத்த பன்றித் தலையும், அதை மொய்க்கும் ஈக்களும் அவன் மயக்கத்தில் அவனோடு பேசுகின்றன. பெயல்செபூப் என்னும் சாத்தானின் பெயருக்கு எபிரேயத்தில் ஈக்களின் தலைவன் என்பது பொருள். நூலின் பெயர் அங்கிருந்து வருகிறது. சைமன் மலையேறிப் பிணத்தின் கயிறுகளை அவிழ்த்துவிட்டு, உண்மையைச் சொல்ல இறங்கி வருகிறான். கீழே மழையும் இடியும் ஆட்டமும். வருபவனையே பூதமென்று கொல்கிறார்கள். அந்த வட்டத்தில் ரால்ஃபும் பிக்கியும் இருந்தார்கள் என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. மறுநாள் அதை விபத்து என்று சொல்லப் பார்க்கிறவன், நியாயத்தின் வாயாகிய பிக்கிதான்.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து நல்லியல்பை இழக்கும்போது பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்றார் இளங்கோவடிகள். பாலைக்குத் தனி நிலம் கிடையாது. அது ஒரு நிலை. கோல்டிங் உள்ளத்தைப் பற்றிச் சொல்ல வந்ததும் இதுவே. 1857இல் பாலண்டைன் என்பார் எழுதிய ‘பவளத் தீவு’ என்னும் கதையில் மூன்று ஆங்கிலச் சிறுவர்கள் தீவொன்றில் ஒதுங்கி, கட்டுக்குலையாமல் வாழ்கிறார்கள். கொடுமை அவர்களிடம் இல்லை. கடற்கொள்ளையரிடமும், பழுப்பு நிறத் தீவு மக்களிடமும் இருக்கிறது. அந்தக் கதையின் ரால்ஃப், ஜாக் என்னும் பெயர்களையே எடுத்துக்கொண்டு கோல்டிங் அதைத் தலைகீழாக்கினார். காட்டுமிராண்டி என்று தனிச் சாதி இல்லை, ஆங்கிலப் பிள்ளையின் உள்ளமே திரிந்தால் அதுவாகும் என்று காட்டினார். நாங்கள் ஆங்கிலேயர், எதிலும் சிறந்தவர் என்று ஜாக் தொடக்கத்தில் மார்தட்டுவதும், ஆங்கிலப் பிள்ளைகளிடம் இதைவிட நன்றாக எதிர்பார்த்தேன் என்ற பொருளில் அதிகாரி இறுதியில் வருந்துவதும் ஆசிரியரின் அங்கதம்.

இவ்வளவு செய்தவர், அதை முழுமையாகச் செய்தாரா? செய்யவில்லை என்பதே எம் துணிபு. சிறுவர்கள் திரிந்துவிட்டதை உணர்த்த அவர் கையாளும் அடையாளங்கள் யாவை? முகத்தில் மண்ணும் கரியும் பூசுவது, ஈட்டி ஏந்துவது, வட்டமிட்டு ஆடுவது, தலையைப் படையலாக வைப்பது. எல்லாம் பாலண்டைன் தம் தீவு மக்களுக்குச் சூட்டிய வகையான கோலங்கள். பிற்பகுதியில் அப்பிள்ளைகளைக் குறிக்கக் ‘காட்டுமிராண்டி’ என்ற சொல்லே பெயராகிவிடுகிறது. பிக்கி சாவதற்கு முன் எழுப்பும் கேள்வியில், நெறியோடு வாழ்வதற்கு எதிர்ப்பதமாக முகத்தில் வண்ணம் பூசிய ஓர் இனத்தைச் சொல்கிறான். முதற் பதிப்பில் கறுப்பின மக்களை இழித்துரைக்கும் சொல் அவ்விடத்தில் இருந்தது. பின்வந்த பதிப்புகள் சிலவற்றில் அது மாற்றப்பட்டது. சொல்லை மாற்றலாம், உவமையின் வேரை எங்ஙனம் மாற்றுவது? பாலை தனி நிலமன்று என்று காட்ட வந்தவர், அதற்குத் திணைப்பெயர் வேண்டியபோது பிறர் நிலத்திலிருந்து எடுத்துக்கொண்டார்.

காட்டுப்பன்றி வேட்டையும், எல்லையில் நிற்கும் முனியாண்டிக்குப் படையலும் நம் தோட்ட வாழ்வில் இருந்தவை. அந்தப் படையலுக்குப் பிறகு இலை போட்டுப் பந்தி வைத்தார்கள், எவனையும் கொன்றதில்லை. ஆடுவதும் படைப்பதும் மனிதன் தாழ்ந்ததன் அறிகுறி என்று நூல் குறிப்பாக உணர்த்துமிடத்தில், வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளை தன் பாட்டனாரை அந்தக் கூட்டத்தில் நிறுத்திப் பார்த்துக்கொள்ளக்கூடும். ஆசிரியர் அங்கே நூலை நிறுத்தி, இது கோல்டிங்கின் நாட்டார் வைத்த அடையாளம் என்று சொல்லிவிட்டு மேலே செல்லவேண்டும். நூலை விலக்கவேண்டுவதில்லை.

தீவில் உண்மையாகச் சிக்கியவர்கள்

1965இல் டோங்கா நாட்டுத் தலைநகர்ப் பள்ளி விடுதியிலிருந்து ஆறு மாணவர்கள் ஒரு படகை எடுத்துக்கொண்டு கடலில் இறங்கினார்கள். புயலில் பாய் கிழிந்து, எட்டு நாள் மிதந்து, ‘ஆட்டா’ என்னும் ஆளில்லாத் தீவில் ஒதுங்கினார்கள். 1966இல் பீட்டர் வார்னர் என்னும் ஆஸ்திரேலியக் கப்பலோட்டி கண்டெடுக்கும்வரை, ஓராண்டுக்கு மேல் அங்கே வாழ்ந்தார்கள். முறை வைத்து வேலை செய்தார்கள். மூட்டிய தீயை அணையவிடவில்லை. ஒருவன் கால் முறிந்தபோது மற்றவர்கள் கட்டுப்போட்டு ஆற்றினார்கள். இதைக் காட்டி, கோல்டிங் பொய்த்தார் என்பார் இன்று பலர். அவ்வளவு விரைவாகத் தீர்ப்புச் சொல்லவேண்டாம். அவர்கள் ஆறு பேர், ஏற்கெனவே தோழர்கள், வயதிலும் மூத்தவர்கள், கடலை அறிந்தவர்கள். கோல்டிங்கின் பிள்ளைகள் பலர் ஒருவரையொருவர் அறியாதவர்கள். அறிந்திருந்த ஒரே கூட்டம் ஜாக்கின் வரிசை. ஆயினும் ஒன்று உறுதியாகிறது: ‘மனித இயல்பு இதுதான்’ என்று இந்நூலைச் சான்றாகக் காட்ட முடியாது. இது ஒரு குறிப்பிட்ட பள்ளியிலிருந்து, குறிப்பிட்ட சமுதாயத்திலிருந்து வந்த பிள்ளைகளின் கதை.

நம் நாட்டிலேயே ஒன்று நிகழ்ந்தது. 2015 ஆகஸ்டில் கிளந்தான் மாநிலம் குவா மூசாங் வட்டாரத்துப் போஸ் தோஹோயில், விடுதிப் பள்ளியொன்றின் பூர்வகுடிப் பிள்ளைகள் எழுவர், ஆற்றில் குளித்ததற்குத் தண்டனை கிடைக்கும் என அஞ்சிக் காட்டுக்குள் ஓடினார்கள். ஏறத்தாழ ஏழு வாரங்களுக்குப் பிறகு அக்டோபரில் இரண்டு சிறுமியர் மட்டும் உயிரோடு கிடைத்தார்கள். ஐவர் இறந்தனர். அவர்களுள் ஒருவரும் விலங்காகவில்லை. அப்பிள்ளைகள் அஞ்சி ஓடிய பூதம் காட்டில் இருந்ததன்று. கட்டுப்பாட்டின் பெருமையை நிலைநாட்டக் கோல்டிங்கை எடுத்துப் பேசும் ஆசிரியப் பெருமக்கள், இச்செய்தியையும் அதே வகுப்பில் சொல்ல வேண்டுகிறோம்.

இனி, அந்த இறுதிக் காட்சி. ரால்ஃபைப் புகைபோட்டு வெளியேற்றத் தீவு முழுவதற்கும் தீ வைக்கிறார்கள். மீட்புக்காக மலைமேல் மூட்டிய தீயை ஒரு கப்பலும் நின்று பார்க்கவில்லை. கொலைக்காக மூட்டிய தீயின் புகையைக் கண்டு போர்க்கப்பல் வருகிறது. குறிஞ்சியும் முல்லையும் கரிந்து கிடக்கும் கரையில், வெள்ளைச் சீருடையும் இடுப்பில் கைத்துப்பாக்கியுமாக அதிகாரி நிற்கிறார். இம்முடிவு வலிந்து கொணர்ந்தது என்று குறை கூறுவார் உண்டு. எமக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றிய அந்தக் கப்பல் எங்கே போகப்போகிறது? மனித வேட்டைக்குத்தான். 1942, 1943ஆம் ஆண்டுகளில் கெடாத் தோட்டங்களிலிருந்தும் நம்மவரை ஏற்றிச் சென்று சயாம் இரயில் பாதையில் சாகவிட்டவர்கள் கட்டுப்பாடற்ற சிறுவர்கள் அல்லர்; சீருடை அணிந்து, வரிசை தவறாமல், கட்டளைக்குப் பணிந்து நின்ற பெரியவர்கள். 1993இல் வெளிவந்த ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலை இப்புதினத்தோடு அடுத்தடுத்து வைத்துப் படித்தால், அதிகாரியின் துப்பாக்கிமேல் நம் கண் சற்று நேரம் நிற்கும்.

அதிகாரி ‘இங்கே தலைவன் யார்?’ என்று கேட்கிறார். ரால்ஃப் தானே என்கிறான். ஜாக் ஓரடி முன்வந்து, பிறகு அசையாமல் நின்றுவிடுகிறான். இடுப்பில் உடைந்த மூக்குக்கண்ணாடி தொங்குகிறது. எத்தனை பேர் என்று கேட்டால் ரால்ஃபுக்குத் தெரியவில்லை. முதல் நாள் தீயிலேயே, முகத்தில் மறுவுள்ள ஒரு பொடியன் காணாமற் போனான். பெயர்ப் பட்டியல் எடுக்கவேண்டும் என்று பிக்கி அன்றே கத்தினான், எடுக்கவில்லை. ரால்ஃப் அழத் தொடங்குகிறான்; மற்றப் பிள்ளைகளும் அழுகிறார்கள். அதிகாரி சங்கடத்தோடு முகத்தைத் திருப்பித் தம் கப்பலைப் பார்க்கிறார். ரால்ஃப் அழுவது பலவற்றை எண்ணி. அவற்றுள் இறுதியாக வருவது, பாறையால் தள்ளுண்டு காற்றில் விழுந்த உண்மைத் தோழன். அவனையும் பிக்கி என்றே எண்ணி அழுகிறான். அத்தோழனின் இயற்பெயரை அவன் ஒருநாளும் கேட்டதில்லை.